வாய் கொப்பளித்தால் போதுமா?



போன மாதம் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி விட்டார்கள். "ராத்திரி பல் தேய்ப்பியா தம்பி?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், வாய் கொப்பளிச்சிட்டுப் படுத்துடுவேன்" என்றேன். "கொப்பளிச்சா சோறு போகும், கிருமி போகாது. அது ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்றார்.

கை கால் இல்லாத பாக்டீரியா வழுக்குகிற பல்லில் எப்படி ஒட்டும்? அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், நூலகத்தில் படித்ததையும் எழுதுகிறேன்.

முதல் படி: பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் எனாமல் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. இது கெட்டது அல்ல. அமிலத்திலிருந்து பல்லை ஓரளவு காக்கிறது. ஆனால் பாக்டீரியா ஒட்டுவதும் இதன் மேல்தான்.

இரண்டாம் படி: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற உருண்டை பாக்டீரியாக்கள் வருகின்றன. வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 1000 நிற்கும்! அவற்றின் மேலும் ஒட்டும் புரதங்கள் உண்டு. அவை பல் மேல் உள்ள புரதத்தோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்திக் கொள்கின்றன. ஒரு பிடி லேசானதுதான். பல பிடிகள் சேர்ந்தால் தண்ணீருக்கு அசையாது.

மூன்றாம் படி: மியூட்டன்ஸ் என்ற வகை, நாம் தின்னும் சர்க்கரையிலிருந்து குளுக்கான் என்ற பசையைத் தயாரிக்கிறது. அதில் மற்ற கிருமிகளும் சேர்ந்து கொள்கின்றன. அதே சர்க்கரையிலிருந்து அமிலமும் உண்டாகிறது. பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சொத்தைப் பல் இப்படித்தான் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை! பல்லில் படிந்து பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கும் சில புரதங்கள், உமிழ்நீரில் மிதக்கும்போது நமக்குக் காவல்காரன். பாக்டீரியாக்களைப் பிடித்துக் கட்டியாகச் சேர்த்துவிடும். நாம் அதை விழுங்கி விடுகிறோம். ஆனால் தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்து விடும். காவல்காரனும் இல்லை, பல்லிடுக்கில் இனிப்பும் இருந்தால் கேட்கவா வேண்டும்?

1683-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த லூவன்ஹூக் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். குட்டி உயிர்கள் ஓடியாடுவதைக் கண்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இத்தனைக்கும் அவர் தினமும் உப்பு போட்டுப் பல் தேய்த்தவர்!

நாளைக் காலை எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். கொழகொழ என்று இருக்கும். கொப்பளித்துவிட்டு மறுபடி தடவுங்கள், அப்படியே இருக்கும். தேய்த்த பிறகு தடவுங்கள், வித்தியாசம் தெரியும். தோசை மாவு காய்ந்த பாத்திரத்தை அம்மா தேய்த்துத்தானே கழுவுகிறார்கள்?

எனக்குப் போனது பால் பல் இல்லை, இனி முளைக்காது. உங்களுக்காவது இருக்கட்டும். இன்று ராத்திரி சாப்பிட்டதும் பல் தேய்த்துவிட்டுப் படுங்க!

– 9 'ஆ' பிரிவு மாணவன்