நீறு பூத்த அடுப்பு

பாட்டியின் கை சுட்ட அன்று அடுப்பில் தீயும் இல்லை, புகையும் இல்லை. புளிக்குழம்பு கொதித்து முடிந்திருந்தது. சட்டியை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டார். அடுப்பை அணைத்ததோடு, சுவரில் இருந்த மின்விசையையும் மறக்காமல் அணைத்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியின்மேல் ஒரு துளி குழம்பு சிந்தியிருந்தது. அதைத் துடைக்கலாம் என்று துணியோடு கையை வைத்தார். துணி நழுவியது. உள்ளங்கை கண்ணாடியில் பட்டது.

பள்ளியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த பேத்தி, பாட்டியின் குரல் கேட்டுச் சமையலறைக்கு ஓடினாள். பாட்டி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இட்லி மாவைத் தேடிக்கொண்டிருந்தார். தீப்புண்ணுக்கு மாவு பூசுவது அவர் சிறுவயதில் கண்ட வழக்கம். பேத்தி அவர் கையைப் பிடித்துக் குழாய் நீருக்கு அடியில் நீட்டினாள். சுட்ட இடத்தை ஓடும் நீரில் 10 முதல் 20 நிமிடம்வரை வைத்திருக்க வேண்டும் என்று பள்ளி முதலுதவி வகுப்பில் அவள் கற்றிருந்தாள். மாவு, பற்பசை, வெண்ணெய் போன்றவற்றைப் பூசினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். புண்ணில் கிருமியும் சேரும். ஐஸ் கட்டியையும் வைக்கக்கூடாது. நல்லவேளையாகப் பாட்டிக்குக் கொப்புளம் வரவில்லை. தோல் சிவந்ததோடு போயிற்று.

ஆனால், வேறொன்று நடந்தது. அன்றிரவு அப்பா, “அம்மா, நாங்கள் வீட்டில் இல்லாதபோது இனி அடுப்புப் பக்கம் போகாதீங்க” என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து, வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசைமேல் பத்து வெள்ளி நோட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். கீழ்த்தளத்தில் உள்ள காப்பிக்கடையில் மதியச் சாப்பாடு வாங்கிக்கொள்வதற்காக அந்தப் பணம். அப்பா அக்கறையோடுதான் செய்தார். தோ பாயோவில் உள்ள அந்த அடுக்குமாடி வீட்டில் நாற்பது ஆண்டுகளாகச் சமைத்தவர் பாட்டி. அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பணத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தார். ஒரு வாரத்தில் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

அந்த அடுப்பு வீட்டிற்கு வந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. சமையலறையைப் புதுப்பித்தபோது, பழைய எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு, இரண்டு அடுப்புகள் கொண்ட மின் அடுப்பைப் பொருத்தினார்கள். அதனுடன் வந்த விளக்கக் குறிப்பேடு இழுப்பறையில் அப்படியே கிடந்தது. பேத்தி அதை எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சிட்டிருந்தார்கள். நாள்தோறும் அடுப்பைப் பயன்படுத்தும் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும்.

குறிப்பேட்டைப் படித்தபோதுதான், ஒரே கண்ணாடியின்மேல் இரண்டு வெவ்வேறு வகை அடுப்புகள் இருப்பது பேத்திக்கே தெரிந்தது.

இடப்பக்கத்து அடுப்பு ‘இண்டக்‌ஷன்’ எனப்படும் மின்தூண்டல் முறையில் இயங்குவது. கண்ணாடிக்கு அடியில் செப்புக்கம்பிச் சுருள் ஒன்று உள்ளது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அடுப்புக்குள் இருக்கும் மின்னணுச் சாதனம் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அலையும் மின்னோட்டமாக மாற்றிச் சுருளுக்குள் செலுத்துகிறது. இதனால் சுருளைச் சுற்றி, இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் இரும்புப் பாத்திரத்தை வைத்தால் அதன் அடிப்பாகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, பாத்திரமே சூடாகிவிடும். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அந்த உண்மைதான் இன்று நம் வீட்டில் தோசை சுடுகிறது.

எல்லாப் பாத்திரங்களும் இந்த அடுப்புக்கு ஏற்றவை அல்ல. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்க்கலாம். நன்றாக ஒட்டிக்கொண்டால் அந்தப் பாத்திரம் சூடாகும். இரும்புத் தோசைக்கல்லில் ஒட்டும். எவர்சில்வரில் சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. மண்பானையிலும் பித்தளைப் பானையிலும் ஒட்டவே ஒட்டாது. பொங்கலன்று பித்தளைப் பானையை இந்த அடுப்பில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பால் பொங்காது!

வலப்பக்கத்து அடுப்பு வேறு வகை. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வெப்பக்கம்பி மின்சாரம் பாய்ந்ததும் செக்கச் சிவக்கிறது. அந்தச் சூடு முதலில் கண்ணாடிக்கும், பிறகு பாத்திரத்திற்கும் போகிறது. இதில் எந்த உலோகப் பாத்திரத்தையும் வைக்கலாம். பித்தளைப் பானையையும் வைக்கலாம். ஆனால், அணைத்த சில நொடிகளில் கம்பியின் சிவப்பு மறைந்துவிடும். கண்ணாடியின் சூடு மறையாது. அது தொடும் அளவுக்கு ஆறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். இடப்பக்கத்திலும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் இறங்கும் என்றாலும், அது விரைவாக ஆறிவிடும். இரண்டு மாதங்களாக இடப்பக்கத்து அடுப்பிலேயே பெரும்பாலும் சமைத்துப் பழகிய பாட்டி, வலப்பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

கண்ணாடி இன்னும் சூடாக இருக்கிறது என்பதைக் காட்ட, அடுப்பில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்து சிவப்பாக ஒளிரும். சூடு தணிந்த பிறகே அது மறையும். அப்படியிருந்தும் பாட்டியின் கை ஏன் சுட்டது? பேத்தி அந்த நாளை மீண்டும் நினைத்துப் பார்த்தாள். அவள் ஓடிவந்தபோது எந்த எழுத்தும் ஒளிரவில்லை. சுவரில் இருந்த மின்விசை அணைந்திருந்தது.

அங்கேதான் சிக்கல். எரிவாயு அடுப்பில் சமைத்து முடித்ததும் குழாயின் வால்வையும் மூடுவது நல்ல பழக்கம். பாட்டி அதை நாற்பது ஆண்டுகளாகத் தவறாமல் செய்தவர். புதிய அடுப்பிலும் அதே கவனத்தோடு சுவர் மின்விசையை உடனே அணைத்தார். மின்சாரம் நின்றதும் எச்சரிக்கை எழுத்தும் அணைந்துவிட்டது. கவனக்குறைவால் சுட்டது என்று அப்பா நினைத்தார். உண்மையில், பழைய அடுப்புக்குரிய கவனம் புதிய அடுப்பில் பொருந்தாமல் போனதுதான் காரணம். முதலில் அடுப்பிலுள்ள பொத்தானை அணைக்க வேண்டும். எழுத்து மறையும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே சுவர் மின்விசையை அணைக்க வேண்டும். இடப்பக்கத்து அடுப்பின் மின்னணுச் சாதனத்தைக் குளிர்விக்கும் சிறு காற்றாடியும் அந்த நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

பேத்தி இதை விளக்கியபோது பாட்டி சிறிது நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படின்னா இது நீறு பூத்த நெருப்புன்னு சொல்லு” என்றார். கம்பத்து வீட்டில் விறகடுப்போடு வளர்ந்தவர் அவர். மேலே சாம்பல் படிந்திருந்தாலும் உள்ளே தணல் இருக்கும், அதில் கையை வைக்கக்கூடாது என்பதை ஐந்து வயதிலேயே அறிந்தவர். யாரும் அவருக்கு இந்த அடுப்பை அந்த மொழியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தீ தெரியாத அடுப்பில் தீப்பிடிக்காது என்று எண்ணுவது இன்னொரு தவறு. இது கை சுடுவதைவிடப் பெரிய ஆபத்து. சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுவது, வீடுகளில் ஏற்படும் தீச்சம்பவங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. எண்ணெய் பற்றிக்கொள்ளச் சுடர் தேவையில்லை, சூடு போதும். வடை சுடுவதற்கு எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் போதும். 200 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான எண்ணெய்கள் புகையத் தொடங்கும். 300 டிகிரிக்கும் மேலே போனால் தீக்குச்சி இல்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். மின்தூண்டல் அடுப்பு மிக விரைவாகச் சூடேற்றும். தாளிப்பதற்காக ஊற்றும் இரண்டு கரண்டி எண்ணெய், கடுகு டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் புகைந்துவிடலாம். கடுகையும் கறிவேப்பிலையையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் போட வேண்டும். சூடு மிகும்போது தானாக நின்றுவிடும் அடுப்புகள் உண்டு. ஆனால், சூட்டை அளக்கும் கருவி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அடி வளைந்த பாத்திரத்தின் சூடு அதை எட்டச் சற்று நேரமாகும். அதை நம்பித் தொலைபேசியில் பேசப் போய்விடக்கூடாது.

எண்ணெய் பற்றிக்கொண்டால் என்ன செய்வது? நீரை ஊற்றவே கூடாது. நீர் எண்ணெயைவிடக் கனமானது. அதனால் அடியில் இறங்கும். இறங்கிய கணத்தில் ஆவியாகும். நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்காகப் பெருகும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும். எனவே, முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூட வேண்டும். காற்று கிடைக்காத தீ அடங்கிவிடும். அடங்கிவிட்டதா என்று உடனே திறந்து பார்க்கக்கூடாது, மீண்டும் பற்றிக்கொள்ளும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. தீ கைமீறிப் போனால், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பேத்தி இதைச் சொன்னதும், பாட்டி பெரிய எவர்சில்வர் மூடி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அடுப்பருகே கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

மின்சாரத்தைப் பற்றியும் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்பு முறுக்கு சுடுவதற்காகப் பலர் இடம் மாற்றக்கூடிய சிறிய மின் அடுப்பையும் வெளியே எடுப்பார்கள். அதன் ஆற்றல் பொதுவாக 2,000 வாட். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். சுவரில் உள்ள சாதாரண மின்செருகி தாங்குவது 13 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட் வரும். ஒரே நீட்டிப்பு மின்வடத்தில் அந்த அடுப்பையும் 2,200 வாட் நீர்க்கொதிகலத்தையும் சேர்த்துச் செருகினால் 4,200 வாட் ஆகிவிடும். மின்வடம் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம். அதனால் சிறிய அடுப்பைச் சுவரில் உள்ள இணைப்பில் நேரடியாகச் செருகுவதே முறை. அதன் அடியில் செய்தித்தாளோ துணியோ விரிக்கக்கூடாது. காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். நிலையாகப் பொருத்தும் பெரிய அடுப்புக்குத் தனி இணைப்பு தேவைப்படலாம். அந்த வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

கண்ணாடியில் விரிசல் விழுந்தால், சிறியதுதானே என்று அலட்சியப்படுத்தக் கூடாது. பொங்கி வழியும் நீர் விரிசல் வழியாக மின்கம்பிவரை போய்விடும். அப்போது மட்டும், எழுத்து மறைவதற்குக் காத்திராமல் மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும். பழுது பார்க்கும்வரை அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள், மின்தூண்டல் அடுப்பைப் பயன்படுத்துவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாட்டிக்கு அந்தக் கவலை இல்லை.

பராமரிப்பு எளிதுதான். ஆறிய கண்ணாடியை மென்மையான ஈரத்துணியால் துடைத்தாலே போதும். நீர் காய்ந்து உண்டாகும் வெண்படலத்திற்குச் சிறிது வினிகர் தடவலாம். இரும்பு நார் கீறிவிடும். தோசைக்கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். அதன் சொரசொரப்பான அடி கண்ணாடியில் கோடு போட்டுவிடும். சர்க்கரைக்கு மட்டும் வேறு விதி. பாயசமோ வெல்லப்பாகோ சிந்தினால், ஆறட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பாகு இறுகும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினால் கண்ணாடியே செதில் செதிலாகப் பெயரும். அடுப்பை அணைத்துவிட்டு, சூடு தாங்கும் கையுறை அணிந்து, கண்ணாடி அடுப்புக்கென விற்கும் சுரண்டியால் சூடாக இருக்கும்போதே பாகை வழித்தெடுக்க வேண்டும். பாட்டி இதைக் கேட்டுச் சிரித்தார். “எல்லாத்துக்கும் ஆறட்டும்னு காத்திருக்கணும், இதுக்கு மட்டும் அவசரப்படணுமா?”

சனிக்கிழமை பேத்தி ஓர் அட்டையில் குறிப்புகளைத் தமிழில் எழுதினாள். “எஞ்சிய வெப்பம் நிலவும்வரை மேற்பரப்பைத் தொடுதல் கூடாது” என்பது முதல் வரி. பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு படித்தார். “இது யாருக்கு எழுதினே? எனக்கா, உன் ஆசிரியருக்கா?” என்று கேட்டார். பேத்தி அடித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். இருவரும் சொல் சொல்லாகப் பேசிப் பேசி மதியம்வரை அதையே செய்தார்கள். அந்த வாரம் முழுவதும் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியது போல் இருந்தது. கடைசியில் அட்டையின் முதல் வரி இப்படி அமைந்தது: “சிவப்பு எழுத்து தெரிந்தால் தணல் இருக்கிறது. அது மறைந்த பிறகே சுவர் மின்விசையை அணை.” அட்டையை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார்கள்.

மாலையில் அப்பா சர்க்கரை எடுக்க அலமாரியைத் திறந்தார். கதவைப் பிடித்தபடியே நின்று கடைசி வரிவரை படித்தார். சுவர் மின்விசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அன்றைக்கு ‘எச்’ எரியவே இல்லையா?” என்று கேட்டார். பேத்தி இல்லை என்று தலையசைத்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். சாப்பாட்டு மேசைமேல் பணம் இல்லை. வாசலில் காலணியை அணிந்தபடியே, “அம்மா, இன்றைக்கு என்ன குழம்பு?” என்று கேட்டார்.