அட்டையில் ஏறும் இரண்டு சொற்கள்

கல்முனைப் பக்கம் கவிதையோ கதையோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கைக்காசில்தான் புத்தகம் போடுகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று உறவும் நட்பும் வாங்கும். மிச்சக் கட்டு வீட்டு அலுமாரிக்குள் போய்விடும். முன்பின் தெரியாத ஒருவரை அந்தக் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுக்க வைப்பது பெயர்தான். அதற்கென்று ஒரு கிழமையாவது ஒதுக்குங்கள்.

முதலில் உங்கள் பிரதியை ஒரு தரம் வாசித்து, கண்ணால் காணக்கூடிய பொருட்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். வலை, தோணி, வட்டை, தறி, பாய், எது வந்தாலும் சரி. 'நினைவலைகள்', 'விடியல்', 'சுவடுகள்' போன்றவற்றை அப்போதே வெட்டிவிடுங்கள். யாருடைய புத்தகத்துக்கும் பொருந்துகிற பெயரைப் பார்த்து ஒருவரும் உள்ளே புரட்ட மாட்டார்.

அடுத்து, வழக்கமாக ஒன்றுசேராத இரண்டு சொற்களைச் சேர்த்துப் பாருங்கள். இதில் நமக்கு ஆசான் கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி. 'நானும் ஒரு பூனை' 1985இல் வந்தது. 'எட்டாவது நரகம்' 1988இல். 'காகம் கலைத்த கனவு' 1991இல். நரகத்துக்கு ஏழு வாசல்கள் என்று ஓதி வளர்ந்த ஊரில் 'எட்டாவது' என்ற ஒரு சொல் போதும், ஆளை நிறுத்திவிடும். அதுவே 'ஏழாவது' என்று இருந்திருந்தால் மார்க்கப் புத்தகம் என்று நினைத்துத் தாண்டியிருப்பார்கள். யுத்த காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த எட்டாவது எது என்று விளக்கத் தேவையில்லை. சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரின் 'பெருங்கடல் போடுகிறேன்' இன்னொரு வழி காட்டுகிறது. சோறு போடுவோம், மருதோன்றி போடுவோம். கடலை எப்படிப் போடுவது? நாம் தினமும் புழங்கும் வினைச்சொல் ஒன்றே வேலையை முடித்துவிட்டது. ஊர்ப்பேச்சைத் தலைப்பில் வைக்கக் கூச வேண்டாம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நூல்களில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது அமெரிக்காவின் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', 1974இல். பாதாளச் சிறைகளும் பறவை நாகங்களும் என்று பொருள். எங்கே போகப் போகிறோம், அங்கே எதைச் சந்திப்போம் என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நாக்கிலும் நிற்கிறது. அதை ஆக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் பல சொற்களை எழுதி வீட்டில் காட்டியபோது, அவருடைய சின்ன மகளுக்குப் பிடித்த சோடி இது என்று சொல்வார்கள்.

நீங்களும் ஐந்து பெயர்களை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். மறுநாள் காலையில், எது ஞாபகமிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு கூட்டாளி ஒருவருக்குப் போனில் சொல்லுங்கள். "என்ன பேர் காக்கா, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டால் அந்தப் பெயரைக் கைவிடுவதே நல்லது. கடையில் போய்க் கேட்கிறவருக்கும் அது வாயில் வராது.

தெரிந்தெடுத்த பெயரை நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். நம் நாட்டில் வந்த ஏராளமான தமிழ் நூல்கள் அதில் இருக்கின்றன. அதே பெயரில் வேறொருவர் முன்பே போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு ஐ.எஸ்.பி.என். இலக்கம் கேட்டு விண்ணப்பிக்குமுன் பெயர் முடிவாகியிருக்க வேண்டும்.

அட்டையைக் கணினித் திரையில் மட்டும் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள். உண்மையான அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று வாசியுங்கள். வட்ஸ்அப்பில் முத்திரை அளவில் வரும்போதும் எழுத்துத் தெரிய வேண்டும். சுழித்துச் சுழித்து வரைந்த எழுத்தில் 'கனவு' தூரத்தில் 'களவு' ஆகிவிடும். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அலுமாரியில் நிறுத்தினால் பெயரே தெரியாது. பக்கங்கள் போதுமென்றால் முதுகு ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, அட்டையை உங்கள் எழுத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பிழை வந்தால் திருத்தத் தாள் ஒன்றைச் செருகலாம். அட்டையில் வந்தால் அத்தனை பிரதிக்கும் புது அட்டைதான் அடிக்க வேண்டும்.