பஞ்சு பறக்கும் ஊரில் கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால்

சேவூர், அவிநாசி பக்கம் தறிக்குடோனை ஒட்டியே குடியிருப்பவர்கள் நிறையப் பேர். பனியன் ஜாப் ஒர்க் எடுப்பவர் வீட்டில், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் முன்னறையில் இருக்கும். பில் போடுவதும் அதில்தான், பிள்ளைகள் படிப்பதும் அதில்தான். அது ஆன் ஆகாவிட்டால் உடனே “போர்டு போச்சு” என்று முடிவு கட்ட வேண்டாம். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பாருங்கள். கேபினட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

1. ஃபேன்கூடச் சுற்றவில்லையா? பிளக் பாயின்ட், ஸ்பைக் பஸ்டர், எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) பின்புற சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். பிறகு முன்பக்க பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் சின்ன ஒயரைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, அது மாட்டியிருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி மட்டும் தொட்டுவிடுங்கள். ஓடினால் கோளாறு பட்டனில்தான்.

2. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் சோதிக்க, அதன் ஒயர்களை எல்லாப் பாகங்களிலிருந்தும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனாலும் லோடு ஏறும்போது படுத்துவிடுவது உண்டு. வேறொன்றை மாட்டிப் பார்த்தால்தான் உறுதி. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

3. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ரேம் மீது. கழற்றி, பொன்னிற முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டில் படிந்த பஞ்சை உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும், கிளிப் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

4. புதிதாகப் பூட்டியதென்றால், பிராசஸருக்குப் பக்கத்தில் மாட்டும் 4 அல்லது 8 பின் பவர் ஒயர் விடுபட்டிருக்கலாம். பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸருக்கு உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைத் தனி கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

5. ஆன் ஆகி, சற்று நேரத்தில் தானே அணைந்தால் பஞ்சைத் தேடுங்கள். நம் ஊரில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். பிராசஸர் மேலுள்ள ஹீட் சிங்க் இடுக்குகளில் கம்பளி விரித்தது போல் பஞ்சு படிந்திருக்கும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அப்படியும் தணியாவிட்டால் அணைந்துவிடும். கம்பெனி கம்ப்ரசரில் காற்றடிப்பதானால், டேங்கில் தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். ஃபேனை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, காற்றுக் குழாயைத் தள்ளிப் பிடித்து அடியுங்கள். காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் பயறளவு புதிது வையுங்கள். கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேஜைமேல் ஏற்றினாலே உள்ளே போகும் பஞ்சு குறையும்.

6. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பாயின்ட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். எர்த் இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ். உள்ளிருக்கும் ஃபில்டர் வழியாகத் தகரத்தில் 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கரன்ட் சிறிதுதான், ஆனால் மானிட்டர், பிரிண்டர் ஒயர்களைச் செருகும்போது போர்ட்டுகள் கெடக்கூடும். எர்த் போலவே நியூட்ரலும் முக்கியம்: த்ரீ ஃபேஸ் லைனில் அது விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். கருகல் வாடை வந்தால் மறுபடி போட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

7. தேதி பழைய வருஷத்துக்குப் போய், ஜி.எஸ்.டி. தளம் திறக்க மறுக்கிறதா? போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 காசு பேட்டரியை மாற்றுங்கள்.

8. படம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு ஒயர்களையும் கழற்றி மாட்டி, பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். “பார்மட் போட்டால் சரியாயிடும்” என்று யார் சொன்னாலும், டேலி கணக்கையும் டிசைன் ஃபைல்களையும் வேறு டிஸ்க்கில் எடுத்து, திறந்து பார்த்த பிறகே சம்மதியுங்கள்.