முதலில் எது: ஃபிஷ் ஃபைண்டரா, பச்சை விளக்கா?

கேள்வி: பீடோங் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறேன். மருமகனும் நானும் சேர்ந்து 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, செமிலிங் பக்கம் கட்டி வைத்திருக்கிறோம். சனி, ஞாயிறு மெர்போக் ஆற்றில் தூண்டில். கடல் அமைதியாக இருந்தால் பூலாவ் பிடான் வரை போவோம். மருமகன் போனில் ‘300 வாட்’ பச்சை விளக்கு ஒன்றைக் காட்டி, தண்ணீருக்குள் இறக்கினால் மீன் தானாக வரும் என்கிறார். எனக்கோ ஃபிஷ் ஃபைண்டர்தான் முதலில் வேண்டும் என்று படுகிறது. கையில் 2,500 வெள்ளி இருக்கிறது. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், சுங்கைப் பட்டாணி

பதில்: மாமனார் பக்கம்தான் என் ஓட்டு. மருமகன் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருடைய விளக்குக்கும் வருகிறேன்.

அந்தக் காலத்துக் கப்பலோட்டிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி வைப்பார்கள். ஒட்டிக்கொண்டு வருவது சேறா, மணலா, சிப்பியா என்று பார்த்து இடத்தைச் சொல்வார்கள். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையைக் குறியாக வைத்துக் கடாரத்துக்கு வந்தவர்களுக்கும் கரையருகே வேறு வழி இருந்திருக்காது. அந்த ஈயக்குண்டின் வேலையை ஒலியால் செய்வதுதான் ஃபிஷ் ஃபைண்டர். போரில் மிஞ்சிய ஆழமானியை வைத்துக்கொண்டு ஜப்பானின் நாகசாகியில் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் இதை மீனவர்களுக்கான கருவியாக்கினார்கள். கீழே எவ்வளவு ஆழம், தரை எப்படிப்பட்டது என்பதை அது முதலில் சொல்லும். மீனைக் காட்டுவது அதற்குப் பிறகுதான். வாங்குபவர்கள் பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கடையில் ‘600 மீட்டர் ஆழம் வரை பார்க்கும்’ என்று ஆசை காட்டுவார்கள். கெடா கரையோரத்தில் நீங்கள் போகும் தூரத்துக்கு 30 மீட்டர் தண்ணீர் கிடைத்தாலே பெரிது. அதனால் ஆழத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியும், சிர்ப் வசதியும், ஜிபிஎஸ்ஸும் உள்ள 5 அங்குலக் கருவி உங்களுக்குத் தாராளம். வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே எடுத்து வந்து பாருங்கள். ஜிபிஎஸ் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்; மீன் தங்கும் நல்ல லுபோக் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த வாரம் அதைத் தேடி அலைவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

ஒலியை அனுப்பும் டிரான்ஸ்டியூசரிலிருந்து அது கூம்பு வடிவில் இறங்குகிறது. அந்தக் கூம்பு 20 பாகை என்றால், 6 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது வெறும் 2 மீட்டர் அகலத் தரை. 60 பாகை என்றால் கிட்டத்தட்ட 7 மீட்டர். ஆற்றில் அகலக் கூம்பு உதவும். ஆனால் சரிவான தரையில் அது எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பும். அப்போது குறுகியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மீன் பொம்மை காட்டும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள். மிதக்கும் இலை, காற்றுக்குமிழ் எல்லாவற்றுக்கும் அது மீன் படம் போடும். அதற்குப் பதிலாகத் தரைக்கோட்டைப் படிக்கப் பழகுங்கள். கோடு மெல்லியதாக, மங்கலாக இருந்தால் சேறு. தடித்து, அதற்குக் கீழே இரட்டை ஆழத்தில் இன்னொரு கோடும் விழுந்தால் கெட்டித் தரை. மெர்போக்கில் சேற்றுக்கு நடுவே திடீரென்று கோடு தடிக்கும் இடம்தான் பாறையோ, மூழ்கிய மரமோ, பழைய தூணோ. கொடுவாயும் கலவாயும் அங்கேதான் ஒண்டிக்கொண்டிருக்கும். படகு ஓடும்போது மீன் வில்லாக வளைந்து தெரியும். நங்கூரம் போட்டு நின்றால் அதே மீன் நீளக் கோடாக இழுபடும். அதைப் பார்த்து ராட்சத மீன் என்று துள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புவது மீனின் உடம்பில் உள்ள காற்றுப்பைதான். தெங்கிரிக்கு அது கிடையாது, கணவாய்க்கும் கிடையாது. பூலாவ் பிடான் பக்கம் திரை காலியாகத் தெரிந்தாலும் தெங்கிரி ஓடிக்கொண்டிருக்கலாம். சிறு மீன் கூட்டம் சிதறித் தெரிந்தால் தூண்டிலைப் போட்டுப் பாருங்கள்.

நல்ல கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் பொருத்தும் இடத்தில்தான். நானே பட்டிருக்கிறேன். ஓட்டை போட மனமில்லாமல், டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளேயே சிலிக்கான் பசையில் அழுத்தி ஒட்டினேன். பசைக்குள் காற்று சிக்கிக்கொண்டது. அன்று முழுதும் திரையில் கறுப்பு மழை. ஒலிக்குக் காற்று சுவர் மாதிரி. திட ஃபைபராக இருந்தால் உள்ளே எபாக்சியில், குமிழ் இல்லாமல் ஒட்டலாம். நடுவில் பலகையோ நுரையோ வைத்துக் கட்டியிருந்தால் ஒலி போகாது. உங்களுடையது பழைய படகு, உள்ளே என்ன இருக்கிறதோ தெரியாது. ஒட்டுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்து, நனைத்த தரையில் அழுத்திப் பாருங்கள். ஆழம் சரியாகக் காட்டினால் அங்கேயே ஒட்டலாம். காட்டாவிட்டால் பின்பலகையில்தான் பொருத்த வேண்டும். புரொப்பெல்லரின் குமிழ் தொடாத தூரத்தில், அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கட்டும். மாதம் ஒருமுறை அதில் பிடிக்கும் கொட்டலசுகளைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம்.

இனி மருமகனின் விளக்கு. அது உண்மையிலேயே 300 வாட் என்றால், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்க வேண்டும். அதோடு வரும் வயர் எவ்வளவு மெல்லியது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தாலே அந்த எண்ணின் யோக்கியதை தெரிந்துவிடும். நேர்மையான 60 வாட் போதும். அது 5 ஆம்பியர் இழுக்கும். 5 மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடிய விடக்கூடாது என்பதால் 50 ஆம்பியர்-மணி பேட்டரி தனியாக வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் விளக்கைக் கொடுத்தால், விடியும்போது துடுப்புதான் கதி.

பச்சை நிறம் சரிதான். தெளிந்த ஆழ்கடலில் நீலம் தூரம் போகும். ஆனால் பக்காவ் காட்டுச் சாறு கலந்த ஆற்று நீர் நீலத்தை முதலில் விழுங்கிவிடும். சிவப்பு எந்தத் தண்ணீரிலும் சில மீட்டர்தான். ஆனால் சேறு கலங்கியிருந்தால் பச்சையும் விளக்கைச் சுற்றி ஒரு பனிமூட்டமாகவே நின்றுவிடும். வாட்டைக் கூட்டினால் மூட்டம்தான் கூடும். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீங்களும் ஒரு வெள்ளை மங்குத் தட்டில் கயிறு கட்டி இறக்குங்கள். ஒரு மீட்டருக்குள் மறைந்துவிட்டால் அந்த இடத்துக்கு விளக்குச் செலவு வேண்டாம். என் கணிப்பில் மெர்போக் உள்ளாற்றில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தீவுப் பக்கம் தட்டு மூன்று, நான்கு மீட்டர் வரை தெரிந்தால் அடுத்த வருடம் விளக்கைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

வாங்கும்போது நீர் புகாத ஐபி68 தரம் பாருங்கள். தண்ணீரில்தான் அது குளிரும், வெளியே எரியவிட்டால் வெந்துவிடும். இரவில் நங்கூரமிட்டால் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு மேலே எரியட்டும். பச்சை வெளிச்சம் கப்பல் விளக்கோடு குழம்பக்கூடாது. பூலாவ் பாயார் கடல் பூங்காவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கத் தடை. இந்தியாவில் 2017 நவம்பரில் எல்இடி வெளிச்சத்தில் மீன் பிடிப்பதற்கே தடை போட்டார்கள், குஞ்சோடு சேர்த்து எல்லாவற்றையும் பெரிய படகுகள் அள்ளியதால். இங்கே எது செல்லும் என்பதை விளக்கு வாங்குவதற்கு முன்பே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அமாவாசையில்தான் விளக்குக்குக் கணவாய் வரும் என்கிறார் எங்கள் தெக்கோங். போன மாதம் போனோம், ஒன்றும் இல்லை. ஏன்?
– ஒரு வாசகர், கூலிம்

பதில்: இருட்டு விஷயத்தில் அவர் சொன்னது சரி, நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது. ஆனால் அமாவாசையை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கும், விளக்குக் கயிறும் சாய்ந்துவிடும். தேய்பிறை அஷ்டமி, நவமியில் போய்ப் பாருங்கள். ஓட்டம் மந்தம், தண்ணீர் தெளிவு, நிலா எழுவதும் நள்ளிரவை ஒட்டித்தான். முன்னிரவு முழுதும் இருட்டு உங்களுடையது. அஷ்டமி, நவமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டில் சொல்வார்கள். கணவாய் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு விளக்கை இறக்கி, வெளிச்சத்தின் நடுவில் போடாமல், இருட்டும் வெளிச்சமும் சேரும் ஓரத்தில் தூண்டிலை ஆட்டிப் பாருங்கள்.