தராசு யார் கையில்?
(கொக்கோ வியாபாரம் தரும் படிப்பினைகள்)



நம் கடைகளில் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் சாமான்களில் சாக்லெட்டும் ஒன்று. அதற்கு மூலப்பொருளாகிய கொக்கோவை விளைவிக்கிறவர் யார், அவர் கைக்கு என்ன வந்து சேருகிறது என்று நாம் விசாரிப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் கொக்கோ விவசாயிகளே ஒன்றுகூடி, யாரையும் ஏமாற்றாமல் தொழில் நடத்துவது என்ற நிய்யத்துடன் ஒரு வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பாடம் உண்டு.

முதல் பாடம்: எடை

கானாவில் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய கொக்கோ விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. அப்படியானால் ஏமாற்ற இடமேது என்று நினைப்போம். விலையில் கை வைக்க முடியாதவன் எடையில் கை வைப்பான் என்பது கடைத்தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியாததா? ஊர் ஊராக வந்து கொள்முதல் செய்த குமாஸ்தாக்களில் பலர் தராசைத் திருத்தி வைத்து நிறுத்தார்கள். அங்கே ஒரு மூட்டை கொக்கோ 62.5 கிலோ, 16 மூட்டை ஒரு டன். மூட்டைக்கு 2 கிலோ மறைந்தால் டன்னுக்கு 32 கிலோ. அதாவது, அரை மூட்டைக்கும் சற்று அதிகமாகவே விவசாயிக்கு நஷ்டம்.

1990-களின் தொடக்கத்தில், உரிமம் பெற்ற பிறரும் கொள்முதல் செய்யலாம் என்று அரசாங்கம் வழி திறந்தது. 1993-இல் விவசாயிகள் 'குவாபா கோக்கூ' என்ற கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்களுடைய ட்வி மொழியில் அதற்கு 'நல்ல கொக்கோ விவசாயி' என்று பொருள். லண்டனைச் சேர்ந்த 'ட்வின்' என்ற வியாபார ஸ்தாபனம் இதற்குத் துணை நின்றது. சங்கம் செய்த முதற் காரியம் தராசைச் சீர்ப்படுத்தியதுதான். ஒவ்வோர் ஊராரும் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் பார்த்திருக்க நிறுத்துக் கணக்கெழுதுவது அவர் பொறுப்பு. தவறு செய்தால் மறுநாளும் அதே ஊரார் முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும். எடையின் நஷ்டத்தைச் சுமக்கிறவர் கண்முன் தராசு இருக்கும்வரை களவுக்கு இடம் குறைவு.

இரண்டாம் பாடம்: பங்கும் பொறுமையும்

கொட்டையை விற்பவனுக்குக் காசு கொஞ்சம்; சாக்லெட்டாக்கி விற்பவனுக்கே இலாபம் அதிகம். இதை உணர்ந்த விவசாயிகள், சொந்தமாகச் சாக்லெட் கம்பெனி தொடங்குவதென்று 1997-இல் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். 1998-இல் 'டிவைன்' சாக்லெட் பிரிட்டனில் கடைக்கு வந்தது. கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு விவசாயிகளுடையது. கடனுக்குப் பிரிட்டிஷ் அரசாங்க இலாகா ஜாமீன் நின்றது.

2000-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் கொக்கோ டன் 1,000 டாலருக்கும் கீழே விழுந்தது. அப்போதும் 'நியாய வணிக' ஒப்பந்தத்தில் விற்ற சரக்குக்கு டன்னுக்கு 1,600 டாலரும், ஊர் நன்மைக்கென 150 டாலரும் கிடைத்தன. ஆனால் சங்கத்தின் விளைச்சலில் சிறு பகுதியே அவ்வாறு விற்றது. மற்றதெல்லாம் வழக்கமான விலைக்கே போயிற்று. நியாயமான விலை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அந்த விலைக்கு வாங்க ஆளும் வேண்டும். ஆகவே 2002-இல் பிரிட்டனின் 'கோ-ஆப்' கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்ற சாக்லெட் முழுவதையும் நியாய வணிகச் சரக்காக மாற்றியது பெரிய உதவியாயிற்று.

2006-இல் 'பாடி ஷாப்' என்ற கம்பெனி தன்னிடமிருந்த பங்குகளை விவசாயிகளுக்கே கொடுத்துவிட்டது. அவர்கள் பங்கு 45 சதவீதமாக உயர்ந்தது. முதல் இலாபப் பங்கு கிடைத்தது 2007-இல். ஒன்பது ஆண்டு காத்திருப்பு! நேர்மையாக நடந்தால் மறுவருஷமே பணம் கொட்டும் என்று எண்ணித் தொடங்குகிறவர் பாதி வழியில் மனம் மாறிவிடுவார்.

மூன்றாம் பாடம்: தன்னைத்தானே சோதிப்பது

இதுதான் கசப்பான பாடம். 2009-இல் சங்கத்தின் சொந்தச் சோதனையிலேயே, ஒரு வட்டாரத்தின் 33 ஊர்ச் சங்கங்களில் 7-இல் பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு வைத்திருந்தது தெரிய வந்தது. நல்லவர் என்று பெயரெடுத்த இடத்திலேயே இப்படி! மூடி மறைத்திருந்தால் விற்பனை தடையின்றி நடந்திருக்கும். அவ்வூர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. விஷயம் 2010-இல் தொலைக்காட்சியிலும் வந்தது. வெட்கந்தான். ஆனாலும் குற்றம் வெளிப்பட்டால்தானே திருத்த வழி பிறக்கும்? நல்ல பெயர் என்பது வாடிக்கைக்காரர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காப்பாற்ற நினைப்பவர் தம் சரக்கைப் பிறர் சோதிக்குமுன் தாமே சோதித்துவிட வேண்டும்.

நான்காம் பாடம்: முடிவெடுக்கும் கை

45 சதவீதம் பெரிய பங்குதான். ஆனால் பாதிக்குக் குறைவு. 2020-இல், டிவைன் சாக்லெட்டைத் தயாரித்துக் கொடுத்துவந்த ஜெர்மனியின் 'வெய்ன்ரிக்' குடும்பக் கம்பெனி பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. விவசாயிகளின் பங்கு 20 சதவீதமாகக் குறைந்தது. சங்கம் இன்னும் பங்காளிதான். ஆனால் முடிவெடுக்கும் பலம் வேறு கைக்குப் போய்விட்டது. கூட்டு வியாபாரம் செய்கிற நாம், உடன்படிக்கையில் நம் பங்கு எவ்வளவு என்பதோடு, முடிவெடுப்பவர் யார் என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்வது நலம்.

சகோதரர்களே! இத்தனை தூரத்துக் கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாளைக் காலை கடை திறந்ததும் உங்கள் தராசு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். முள்ளோ எண்ணோ வாங்குகிறவருக்குத் தெரியவில்லையானால், அதைத் திருப்பி வையுங்கள். கானா விவசாயிகள் தொடங்கியதும் அங்கேதான்.