வளரும் எலும்பு

எலும்பு தன் முனைகளின் அருகில்தான் நீள்கிறது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஸ்டீபன் ஹேல்ஸ், கோழிக்குஞ்சு ஒன்றின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரு துளைகள் இட்டார். இரண்டு மாதங்களில் எலும்பு ஓர் அங்குலம் நீண்டது. துளைகளின் இடைவெளியோ மாறவில்லை. 1727ஆம் ஆண்டு அவர் இதனை நூலில் வெளியிட்டார்.

நீண்ட எலும்பின் முனையருகே மெல்லிய குருத்தெலும்புப் பகுதி உள்ளது. அதுவே வளர்ச்சித் தட்டு. அங்குப் புதிய குருத்தெலும்பு தோன்றத் தோன்ற, பழையது எலும்பாக இறுகுகிறது. பெண்களுக்கு ஏறத்தாழ 15 வயதிலும் ஆண்களுக்கு 17 வயதிலும் கால் எலும்புகளின் தட்டுகள் பெரும்பாலும் முழுவதும் எலும்பாகிவிடும். அதன்பின் அவ்வெலும்புகள் நீள்வது நின்றுவிடும்.

மூட்டைப் பிணைக்கும் நார்களைவிட இத்தட்டு வலிமை குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, சிறுவர்களுக்குத் தட்டின் முறிவாகலாம். அதனைச் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவுதல் தீங்காகும். தட்டின் ஒரு பக்கம் மட்டும் வளர்ச்சி நின்றால் எலும்பு கோணிவிடும்.

முழங்கால் வலிகள் எல்லாம் ஒன்றல்ல. ஓடியும் தாவியும் விளையாடும் 10 முதல் 15 வயதினர் சிலருக்கு முழங்காற்சில்லுக்குக் கீழே வலியும் புடைப்பும் உண்டாகும். தொடைத்தசையின் இழுவிசை அங்குள்ள வளரும் பகுதியை வருத்துவதே காரணம். 1903ஆம் ஆண்டு இதனைத் தனித்தனியே விளக்கிய மருத்துவர்கள் ஆஸ்குட், ஸ்லாட்டர் ஆகியோரின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. விளையாட்டைக் குறைத்தல், குளிர் ஒத்தடம், தசைகளை நீட்டும் பயிற்சி ஆகியவற்றால் வலி தணியும். வளர்ச்சி முடியும்போது நோயும் பெரும்பாலும் நீங்கும்.

மற்றொரு வலி காத்திருக்க விடாதது. தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் நழுவும்போது, குறை இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் தோன்றலாம். சிறுவர் நொண்டி நடப்பர். பாதம் வெளிப்புறம் திரும்பும். உடனே நடப்பதை நிறுத்தி மருத்துவமனை செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் இடுப்பு மூட்டு நிலையாகக் கெடக்கூடும்.

அணியில் இடம் போய்விடுமோ என்றஞ்சி வலியை மறைப்பவர் உளர். ஓர் ஆட்டத்தை இழப்பது சிறிது. மூட்டை இழப்பது பெரிது. நொண்டல், வீக்கம், காலையில் மூட்டு விறைத்தல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் அன்றே கூறுதல் அறிவுடைமை.

சொற்பொருள்
தணியும் – குறையும்
உளர் – இருக்கின்றனர்
விறைத்தல் – மடங்காமல் இறுகுதல்

பிரித்து எழுதுக
1. குருத்தெலும்பு
2. என்றஞ்சி

விடை எழுதுக
1. துளைகளின் இடைவெளி மாறாமை எதனை உணர்த்துகிறது?
2. சிறுவர்களின் மூட்டில் அடிபட்டால் நீவக்கூடாது. ஏன்?
3. பாடத்தில் கூறப்படும் இருவகை முழங்கால் வலிகளை வேறுபடுத்துக.
4. வலியை மறைக்கும் நண்பனுக்கு நீ கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.