மாத்திரையும் மோர்சும்

மாத்திரை தவறினாற் பொருள் தவறும் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். ‘கல்’ என்பதை ஒரு மாத்திரை நீட்டினால் ‘கால்’ ஆகின்றது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, உயிரளபெடைக்கு மூன்று என இலக்கண நூலார் வகுத்தனர். கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அதற்கு அளவாகக் கொண்டனர். மோர்சுத் தந்திக் குறியீடும் இத்தகைய அளவினாலேயே இயல்வது. புள்ளி ஒரு மாத்திரையெனின் கோடு மூன்று மாத்திரை. ஒலிக்கேயன்றி மௌனத்துக்கும் அளவுண்டு: ஓரெழுத்தின் உறுப்புகளுக்கிடையே ஒன்று, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு.

வெள்ளவத்தையில் என் இல்லத்துக்கு வரும் மாணாக்கன் ஒருவன் சென்ற விடுமுறையில் மோர்சு பயின்றான். புள்ளியும் கோடுமாகிய ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தை அனுப்புகையில் அவன் கை இடையிலே தயங்கிற்று. எனக்கோ ‘ஈ’, ‘ரீ’ என ஈரெழுத்துகள் கேட்டன. இக்குறை நீங்க இருவரும் தன்னியக்கச் சாவியொன்று அமைத்தோம்.

இரும்பறுக்கும் வாளின் அலகில் ஒரு துண்டை வண்ணம் சுரண்டி, பலகையில் நிமிர்த்தி, ஒரு முனையை இறுக்குக. மறுமுனையின் இருபுறத்தும் தாள் கனத்த இடைவெளி விட்டுப் பித்தளைத் திருகாணிகளைப் பொருத்துக. அலகை ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையின் புவி முனைக்கும், திருகாணிகளை அதன் இரு உள்ளீட்டு முனைகளுக்கும் கம்பியால் இணைக்க. வலக்கைப் பெருவிரல் தள்ளினாற் புள்ளி. சுட்டுவிரல் தள்ளினாற் கோடு. புள்ளி முடியுமுன் கோட்டைத் தள்ளினும், அதனை நினைவிற்கொண்டு ஒரு மாத்திரை இடைவிட்டே ஒலிக்குமாறு நிரல் எழுதுக. 1200ஐ நிமிடச் சொல்வேகத்தால் வகுத்தால் ஒரு மாத்திரை எத்தனை மில்லிசெக்கன் என்பது கிடைக்கும்; 12 சொல்லுக்கு அது 100 ஆகும்.

முதலிற் சிறு ஒலிப்பானிலே பழகுக. வானில் அனுப்புதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும்.

இது வெறும் விளையாட்டன்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்து, அம்பாந்தோட்டையிலே தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்து அமெச்சூர் வானொலியாளர் சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். குறைந்த மின்வலுவிலும், இரைச்சலினூடேயும் பேச்சு தேயுமிடத்தும் மோர்சு கேட்கும். அத்தகைய வேளையில் ஓரெழுத்துப் பிழைத்தால் ஓர் ஊரின் பெயரே பிழைக்கலாம்.

எனினும் ஒன்று நினைவிலிருக்க. எழுத்தினுள் அமையும் இடைவெளியையே எம் கருவி காக்கின்றது. எழுத்துக்கும் எழுத்துக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட மௌனத்தை அனுப்புவோனே அளந்திடல் வேண்டும். என் மாணாக்கன் இப்பொழுது அதனைத்தான் பயில்கின்றான்.